ஹாரன் அத்தையும் ஆறு சக்கரங்களும்

அவர் பள்ளிக்கூட பஸ் ஓட்டிக்கொண்டிருந்த வரைக்கும் அந்தத் தெருவில் யாரும் கடிகாரத்தை நம்பி இருந்ததில்லை. காலையில் முனை திரும்பியதும் ஒரு ஹாரன் அடிப்பார். தூங்குகிற பிள்ளை எழுந்துகொள்ளும், மென்றுகொண்டிருக்கிற பிள்ளை விழுங்கிவிடும், ஷூவைத் தேடுகிற பிள்ளை கிடைத்த ஷூவை மாட்டிக்கொண்டு ஓடிவரும். ஹாரன் அத்தை என்று பெயர் வைத்ததே பிள்ளைகள்தான். பிறகு அவர்களுடைய அம்மா அப்பாவும், பால்காரரும், கடைசியில் தலைமையாசிரியையும்கூட அப்படியே கூப்பிட ஆரம்பித்தார்கள். உண்மையில் அத்தை என்று கூப்பிட உரிமை உள்ளவள் அவர் தம்பியின் மகள் ஒருத்திதான். அவள் வெளியூரில் படித்துக்கொண்டிருந்தாள். மற்றபடி ஊரே மருமக்கள்.

ஹாரனுக்குச் சளைத்ததல்ல அவருடைய குரல். கடைசி சீட்டில் ஒருவன் பக்கத்துப் பையனின் பென்சிலைப் பிடுங்கினால், ஸ்டியரிங்கிலிருந்து தலையைத் திருப்பாமலே ஓர் அதட்டல் போடுவார். பென்சில் திரும்பிப் போய்விடும். சில சமயம் பக்கத்தில் போகிற சைக்கிள்காரரும் இறங்கி நின்றுவிடுவார்.

அப்பா படுக்கையில் விழுந்த வருஷம் ஸ்டியரிங்கைப் பிடித்தவர் அவர். தம்பி தையல் கற்றதும், வீட்டு முன்னறையில் கடை போட்டதும், கல்யாணம் செய்துகொண்டதும் அந்த ஸ்டியரிங்கின் தயவில்தான். நடுவில் அவருக்கும் ஒன்றிரண்டு வரன் வந்தது. ஒருவர், "கல்யாணத்துக்கு அப்புறம் பஸ்ஸ விட்டுடுவீங்கல்ல?" என்று கேட்டார். "நீங்க உங்க ஆபீஸ விட்டுடுவீங்களா?" என்று இவர் கேட்டார். பேச்சு அதோடு நின்றது. அதில் அவருக்கு வருத்தம் இருந்ததா என்று கேட்டால், இருந்திருக்கலாம். ஆனால் மறுநாள் காலையில் பஸ் எடுக்க வேண்டியிருந்தது. வருத்தப்படுவதற்கு உட்கார இடமும் நேரமும் வேண்டுமே.

வேலையிலிருந்து ஓய்வு கொடுத்து அனுப்பியபோது எல்லாப் பிள்ளைகளும் வரிசையில் நின்று ஆளுக்கொரு தடவை ஹாரன் அடித்தார்கள். அத்தை அழவில்லை. "போதும்டா, பேட்டரி போயிடும்" என்றார்.

வீட்டுக்கு வந்தபிறகுதான் தொல்லை ஆரம்பித்தது. விடிவதற்குள் விழிப்பு வந்துவிடும். போக இடமில்லை. கை சும்மா இருக்குமா? சமையலறைக்குள் புகுந்து டப்பாக்களையெல்லாம் உயரவாரியாக வரிசையில் நிறுத்தினார்.

"அண்ணி, உப்பு எங்க?" என்று தம்பி மனைவி கேட்டாள்.

"கடைசி பெஞ்சுல."

தம்பி மனைவி நல்லவள். இரண்டு வாரம் பொறுத்தாள். மூன்றாவது வாரம் கணவனைத் தனியே அழைத்து, "உங்க அக்காவை எங்கயாவது கூட்டிட்டுப் போங்க. இல்லைன்னா என்னையும் வரிசையில நிறுத்திடுவாங்க" என்றாள்.

அதனால்தான் தம்பி, ஜன்னலுக்குப் பழைய கம்பி வாங்க இரும்புக் கடைக்குப் போகும்போது அக்காவையும் கூட்டிப் போனான். அங்கே உடைந்த பீரோக்களுக்கும் துருப்பிடித்த தண்ணீர்த் தொட்டிகளுக்கும் பின்னால் அந்த லாரி நின்றது. நீண்ட மூக்கு. தவளைக் கண் மாதிரி பிதுங்கிய இரண்டு வட்ட விளக்குகள். மரப்பலகையில் செய்த பின்பகுதி. இப்போது யாரும் செய்யாத மாதிரியில், என்றைக்கோ செய்த வண்டி. டிரைவர் சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது.

அத்தை ஓட்டியதெல்லாம் மூக்கில்லாத சப்பை பஸ். அதில் ரோடு நேராகக் காலுக்கடியில் வந்து நுழையும். நமக்கு முன்னால் ஒரு நீண்ட மூக்கு வழிகாட்டிக்கொண்டு போக, பின்னால் ராணி மாதிரி உட்கார்ந்து ஓட்ட வேண்டும் என்கிற ஆசையை அவர் ஒருவரிடமும் சொன்னதில்லை. கேட்டால் அவருக்கே தெரிந்திருக்காது. லாரியைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. கோழி கண் திறந்து அவரைப் பார்த்தது. அவர் கடைக்காரரைப் பார்த்தார்.

"ஜன்னல் கம்பி வாங்க வந்தோம்க்கா" என்றான் தம்பி, ஈனசுரத்தில்.

"இதுலயும் ஜன்னல் இருக்கு பாரு."

கிரேன் வைத்துத் தூக்கி வந்து வீட்டுக்குப் பக்கத்துக் காலியிடத்தில் இறக்கினார்கள். அங்கேதான் தம்பி மனைவி துணி உலர்த்துவாள். லாரியின் நிழல் துணிக்கொடியை முழுசாக விழுங்கிவிட்டது. அவள் இடுப்பில் கைவைத்து நின்று, லாரியை மேலும் கீழும் பார்த்து, "அண்ணி, இது ஓடுமா?" என்று கேட்டாள்.

"ஓட வச்சா ஓடும்."

"ஓடட்டும். ஓடி வேற எங்கயாவது போய் நிக்கட்டும்."

எஞ்சின் அவ்வளவு பிடிவாதம் பிடிக்கவில்லை. பஸ் மெக்கானிக் வந்து நாலைந்து நாள் உருட்டிப் புரட்டியதும், கரும்புகை கக்கி, ஆஸ்துமாக்காரர் மாதிரி இருமி, பிறகு சீராக மூச்சுவிட ஆரம்பித்தது. அத்தை ஏறி உட்கார்ந்து கியரைப் போட்டார். லாரி உறுமியது, ஆடியது, இருந்த இடத்தைவிட்டு ஓர் அங்குலம் நகரவில்லை. ஆறு டயரும் காற்றில்லாமல் தரையோடு சப்பிக் கிடந்தன. வெடித்துப்போன ரப்பர், எத்தனையோ வருஷத்து வெயிலிலும் மழையிலும் இறுகி, இரும்போடு இரும்பாக ஒட்டிப்போயிருந்தது.

மெயின் ரோட்டில் டயர்க்கடை வைத்திருந்தவர் அத்தையின் பஸ்ஸில் பள்ளிக்கூடம் போனவர். கூப்பிட்டதும் ஓடிவந்தார். உட்கார்ந்து, சக்கரத்தின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"அத்தை, இது என் மெஷின்ல ஏறாது. இங்க பாருங்க, ரிம்மோட ஓரத்துல தனியா ஒரு வளையம் இருக்கு. அதுதான் பூட்டு. டயரு வெளிய வராம அதுதான் புடிச்சுக்கிட்டு இருக்கு. முதல்ல ஒட்டிக்கிட்ட ரப்பரைப் பிரிச்சுக் கீழ தள்ளணும். அப்புறம் இந்த வளையத்தை நெம்பி எடுக்கணும். தப்பா நெம்பினா வளையம் சுண்டிக்கிட்டு வரும். மூஞ்சியில பட்டா அவ்வளவுதான்."

"அப்ப எப்படிடா கழட்டுறது?"

"அதுக்குன்னு தனி லீவருங்க இருந்துச்சு. ஒண்ணு வாத்து மூக்கு மாதிரி தட்டையா இருக்கும். இன்னொண்ணு நுனியில குதிகால் மாதிரி வளைஞ்சு இருக்கும். கோடாலி மாதிரி ஒரு சுத்தியலும் வேணும். கடையில எங்கயும் கிடைக்காது. யாராவது அடிச்சுத்தான் குடுக்கணும்." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்: "மைக்செட்டுகிட்ட கேட்டுப் பாருங்களேன்."

மைக்செட்டு என்பது மூன்று தெரு தள்ளி இரும்புப் பட்டறை வைத்திருந்தவரின் பட்டப்பெயர். வாழ்நாளெல்லாம் சம்மட்டிச் சத்தத்துக்குள் இருந்ததில் அவர் காது முக்கால்வாசி போய்விட்டது. தனக்குக் கேட்காததால் பிறருக்கும் கேட்காது என்ற நினைப்பில் உச்சக்குரலில்தான் பேசுவார். ரகசியம் என்ற ஒன்று அவர் வாழ்க்கையில் கிடையாது. அவருக்கு மலச்சிக்கல் என்றால் மூன்று தெருவுக்கும் தெரியும். மனைவி காலமாகிப் பல வருஷம் ஆகிவிட்டது. ஒரே மகன் தூரத்து நகரத்தில் இருந்தான். வாரம் ஒருமுறை போன் செய்வான். அவர் பேசுகிற பேச்சுக்குப் போனே தேவையில்லை, ஜன்னலைத் திறந்து வைத்தாலே மகனுக்குக் கேட்டுவிடும் என்று தெருவில் சொல்வார்கள்.

அத்தை பட்டறைக்குள் நுழைந்தபோது அவர் உலைக்கு முன்னால் குனிந்திருந்தார். அடர்ந்த நரைத்த புருவம், வழுக்கைத் தலை, முழங்கை வரைக்கும் தீப்பொறி பட்ட புள்ளிகள். அத்தை தொண்டையைச் செருமிக்கொண்டு, பஸ்ஸில் பின் சீட்டுக்குப் பேசுகிற அளவில் ஒரு குரல் கொடுத்தார்.

"பழைய லாரிச் சக்கரம் கழட்ட லீவர் வேணும்! செஞ்சு தருவீங்களா?"

பட்டறைக்காரர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். கையிலிருந்த இடுக்கி நழுவியது. பிறகு, "கேட்டுச்சு!" என்றார். "நீங்க சொன்னது ஒரு எழுத்து விடாம கேட்டுச்சு! எத்தனை வருஷம் ஆச்சு தெரியுமா, ஒருத்தர் பேசினது ஒரே தடவையில கேட்டு!"

அன்று சாயங்காலமே லாரியைப் பார்க்க வந்துவிட்டார். சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார், தட்டினார், முகர்ந்தார், வளையத்தின் வெட்டில் குச்சியை விட்டு ஆழம் பார்த்தார். "டிரைவரம்மா! இது சக்கரம் இல்ல, பொக்கிஷப் பெட்டி! பூட்டுக்குச் சாவி நான் செய்யறேன்!" என்றார். எதிர்வீட்டு மாடியில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தை எழுந்து அழுதது.

முதல் லீவரைக் கட்டடக் கம்பியில் அடித்துக்கொண்டு வந்தார். நுனியைத் தட்டையாக்கி, அழகாக வளைத்து, பார்க்க லட்சணமாக இருந்தது. அத்தை அதை ரப்பருக்கும் இரும்புக்கும் நடுவில் செருகிப் பலம் கொடுத்ததும் சத்தமே இல்லாமல் ஆட்டுக்கொம்பு மாதிரி சுருண்டுவிட்டது.

இரண்டாவதை லாரி ஸ்பிரிங் பட்டையில் செய்தார். பழுக்கக் காய்ச்சிப் பச்சைத் தண்ணீரில் முக்கி எடுத்தார். அது வளையவில்லை. அத்தை ஒரு பக்கமும் அவர் ஒரு பக்கமும் அழுத்தியபோது டணார் என்று ஒடிந்தது. நுனித் துண்டு பறந்துபோய், தம்பி தைத்து வெளியில் மாட்டியிருந்த யாரோ ஒருவருடைய கால்சட்டையின் பின்புறத்தைத் துளைத்துக்கொண்டு சுவரில் பட்டு விழுந்தது. தம்பி ஓடிவந்து கால்சட்டையைத் தூக்கிப் பிடித்தான். ஓட்டை வழியாக அவன் கண் தெரிந்தது.

"நல்லவேளை, ஆள் உள்ள இல்ல!" என்றார் பட்டறைக்காரர்.

தம்பி மனைவி வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். லாரி வந்ததிலிருந்து அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. அத்தையும் சிரித்தார். சிரித்துச் சிரித்து லாரிப் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். பட்டறைக்காரர் ஒடிந்த லீவரையும் வளைந்த லீவரையும் இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு விளக்கம் சொன்னார்: "முதல்ல செஞ்சது புது மாப்பிள்ளை மாதிரி! தொட்டதுக்கெல்லாம் வளையுது! ரெண்டாவது மாமியார் மாதிரி! ஒடிஞ்சாலும் ஒடியும், வளையவே வளையாது! அடுத்தது நம்ம வயசுக்காரங்க மாதிரி செய்யணும், டிரைவரம்மா! வளையணும், அப்புறம் நிமிந்துக்கணும்!"

நம்ம வயசுக்காரங்க என்று அவர் சொன்னது அத்தையின் காதில் கொஞ்ச நேரம் தங்கியது.

மூன்றாவது லீவருக்குப் பதம் வைக்கும்போது அத்தையே பட்டறைக்குப் போனார். துருத்தியைச் சுற்றினார். இரும்பு செக்கச்செவேல் என்று ஆனதும் இந்தத் தடவை எண்ணெயில் இறக்கினார் பட்டறைக்காரர். புகை எழுந்தது. பிறகு இரும்பை மறுபடி இளஞ்சூட்டில் காட்டி, வைக்கோல் நிறம் ஏறி, லேசாக நீலம் எட்டிப் பார்க்கும்போது சட்டென்று வெளியே எடுத்துச் சாம்பலுக்குள் புதைத்தார். நிறத்தைக் கவனிக்கிற அந்த நேரத்தில் மட்டும் அவர் கத்தவில்லை. மூச்சுகூட மெதுவாகத்தான் விட்டார். இவ்வளவு சத்தமான மனிதருக்குள் இவ்வளவு அமைதியான இடம் ஒன்று இருக்கிறதே என்று அத்தை நினைத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்தபிறகும் நினைத்துக்கொண்டிருந்தார்.

இதற்கிடையில் சக்கரங்களுக்கு ஊறல் வைத்தியம் நடந்தது. மூன்று வேளையும் சோப்புத் தண்ணீரும் டீசலும் மாற்றி மாற்றி ஊற்றுவது தம்பி மனைவியின் பொறுப்பாகிவிட்டது. யாரும் சொல்லவில்லை, அவளாகவே எடுத்துக்கொண்டாள். ஒருநாள் ஊற்றிக்கொண்டே பேச்சுக் கொடுத்தாள்.

"அண்ணி, பால்காரரை நீங்க என்னன்னு கூப்பிடுவீங்க?"

"அண்ணேன்னு. ஏன்?"

"டயர்க்கடைக்காரரை?"

"தம்பின்னு."

"மெக்கானிக்கை?"

"அவரும் தம்பிதான்."

"பட்டறைக்காரரை?"

அத்தை சோப்பு வாளியைக் கலக்க ஆரம்பித்தார். கலங்கியிருந்த தண்ணீரையே மறுபடி மறுபடி கலக்கினார். "இந்தாங்கன்னு கூப்பிடுவேன். அவருக்குத்தான் காது கேக்காதே, எப்படிக் கூப்பிட்டா என்ன?"

"அதானே" என்றாள் தம்பி மனைவி. அன்றைக்கு முழுக்க அவள் முகத்தில் ஒரு சிரிப்பு ஒளிந்துகொண்டிருந்தது.

லீவர்கள் தயாரானதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வேலை தொடங்கியது. வாத்து மூக்கு லீவர் ஒன்று, குதிகால் லீவர் இரண்டு, மழுங்கிய கோடாலி மாதிரித் தலையுள்ள சுத்தியல் ஒன்று. டயர்க்கடைக்காரரும் வந்திருந்தார். முன்சக்கரத்தைக் கழற்றித் தரையில் படுக்கப் போட்டார்கள். பொட்டுக் காற்றும் உள்ளே இல்லை என்று வால்வைப் பிடுங்கிப் பார்த்துக்கொண்டார்கள். பட்டறைக்காரர் சுத்தியலின் ஆப்பு முனையை ரப்பரின் ஓரத்தில் வைத்து அடித்தார். சுற்றிவந்து அடித்தார். மறுபடியும் சுற்றினார். வெயில் ஏறியது. ரப்பர் அசையவில்லை.

"லீவரைச் செருகி ஆள் ஏறி நின்னாத்தான் ஆகும்" என்றார் டயர்க்கடைக்காரர்.

லீவரின் பிடியில் நீண்ட குழாயை மாட்டினார்கள். அத்தை ஏறி நின்றார். கொஞ்சம் முனகியது. தம்பியும் ஏறினான். தையல்காரன், காற்றடித்தால் பறக்கிற உடம்பு, அவன் ஏறியதும் இறங்கியதும் லீவருக்குத் தெரியவில்லை. தம்பி மனைவி கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தாள். புடவையை இழுத்துச் செருகினாள்.

"நகருங்க. என் துணியெல்லாம் ஈரமாவே கிடக்குது" என்று சொல்லிவிட்டு, அத்தையின் தோளைப் பிடித்துக்கொண்டு குதித்தாள்.

இரண்டாவது குதியில் சக்கரம் ஒரு பெருமூச்சு விட்டது. ரப்பர் ரிம்மைவிட்டுப் பொத்தென்று இறங்கியது. குழாய் சரிந்தது. அத்தையும் தம்பி மனைவியும் ஒருவர்மேல் ஒருவராக டீசல் குழம்பில் விழுந்தார்கள். எழுந்திருக்கவே மனசில்லாமல் அப்படியே கிடந்து சிரித்தார்கள். எதிர்வீட்டு மாடியிலிருந்து கைதட்டல் வந்தது. எப்போது அவ்வளவு கூட்டம் சேர்ந்தது என்று தெரியவில்லை. சுற்றுச்சுவர் முழுக்கத் தலைகளாக இருந்தது.

இனி வளையம். இதுதான் கத்திமேல் நடக்கிற வேலை. அது துள்ளாமலிருக்கக் குறுக்கே கயிறு கட்டினார்கள். பட்டறைக்காரர் ஒரு குதிகால் லீவரை வளையத்தின் வெட்டில் கொக்கி போட்டுத் தூக்க வேண்டும். அத்தை இரண்டாவது லீவரைப் பக்கத்தில் செருகிப் பிடிக்க வேண்டும். முதல் லீவர் நகர, இரண்டாவது பிடிக்க, இரண்டாவது நகர, முதலாவது பிடிக்க, இப்படியே சுற்றிவர வேண்டும். ஒருவர் முந்தினால் கெட்டது. குனிந்து வேலை செய்யும் பட்டறைக்காரருக்கு வேறு யார் சொன்னாலும் கேட்டிருக்காது.

"தூக்குங்க!" என்றார் அத்தை. தூக்கினார். "நில்லுங்க!" நின்றார். "இப்ப நகருங்க! மெதுவா! மெதுவா! நில்லுங்க!"

ஒருவருடைய முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. இரண்டு லீவரும் மட்டும் ஒன்றையொன்று தொட்டுத் தொட்டு நடந்தன. பாதிச் சுற்றுக்குமேல் வளையம் தானாகவே எழுந்து வந்தது. கடைசியில் கிணிங் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். துருப்பிடித்த அந்த வளையத்தைப் பட்டறைக்காரர் இரண்டு கையாலும் எடுத்து அத்தையிடம் நீட்டினார். அத்தை வாங்கிக்கொண்டார். கொடுத்ததும் வாங்கியதும் மோதிரம் போடுகிற மாதிரி இருந்ததென்று அந்த நேரத்தில் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. சுவர்மேல் இருந்தவர்களுக்குத் தோன்றியது. யாரோ விசில் அடித்தார்கள்.

அதற்குப் பிறகு அவசரமே இல்லை. ஒரே நாளில் இரண்டு சக்கரம் கழற்றியிருக்கலாம். ஆனால் பட்டறைக்காரர் ஒன்று முடிந்ததும், "லீவரு சூடாயிருச்சு! ஓய்வு குடுக்கணும்!" என்பார். இரும்புக்கு என்ன ஓய்வு என்று யாரும் கேட்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரும்போது சட்டை தேய்த்துப் போட்டிருப்பார். தீப்பொறி ஓட்டை இல்லாத சட்டை. அத்தை அவர் வருவதற்கு முன்னால் தலைவாரிக்கொள்ள ஆரம்பித்தார். எப்போது வருவார் என்று எட்டிப் பார்க்க வேண்டிய அவசியம் மட்டும் இல்லை. மூன்று தெரு தள்ளி அவர் யாரையாவது நலம் விசாரிக்கும்போதே தெரிந்துவிடும்.

கழற்றின ரிம்களைத் தேய்த்து வர்ணம் பூசினார்கள். டயர்க்கடைக்காரர் எங்கெங்கோ விசாரித்துப் பொருத்தமான டயரும் டியூபும் வரவழைத்தார். மாட்டுவதற்கும் அதே லீவர்கள்தான். காற்றடிக்க மட்டும் ஒவ்வொரு சக்கரத்தையும் உருட்டிக்கொண்டு அவர் கடைக்குப் போய், வளையம் தெறித்தால் தடுக்கிற இரும்புக் கூண்டுக்குள் வைத்துத்தான் அடித்தார். அந்த விஷயத்தில் அத்தை சொல்லியும் அவர் கேட்கவில்லை. "உங்க பஸ்ல நான் சீட்டுல உக்காந்தாத்தான் நீங்க வண்டியை எடுப்பீங்க. இது என் கடை, என் சட்டம்" என்றார். அத்தைக்கு அது பிடித்திருந்தது.

கடைசிச் சக்கரம். வளையத்தைத் தட்டி உட்காரவைத்துவிட்டுப் பட்டறைக்காரர் நிமிர்ந்தார். வழக்கமாக உடனே ஏதாவது சொல்லிவிடுகிறவர் துண்டால் கையைத் துடைத்தார். துடைத்த கையையே திரும்பத் துடைத்தார். அக்கம்பக்கம் பார்த்தார். தம்பி உள்ளே தைத்துக்கொண்டிருந்தான். தம்பி மனைவி துணி பிழிந்துகொண்டிருந்தாள். அவர் குனிந்து, கையை வாயருகே மறைப்பாக வைத்துக்கொண்டார். அவரைப் பொறுத்தவரை அது கிசுகிசுப்புதான்.

"டிரைவரம்மா! இந்தச் சக்கரம் முடிஞ்சிருச்சுன்னா இங்க வர எனக்கு வேற சாக்கு இல்ல! அதனால கேக்குறேன்! நாம ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்கலாமா!"

கூரைமேலிருந்த புறாக்கள் மொத்தமாக எழுந்து பறந்தன. தையல் மெஷின் நின்றது. தம்பி மனைவி பிழிந்த துணியோடு அப்படியே நின்றாள். எதிர்வீட்டு மாடியில் ஒரு ஜன்னல் திறந்தது. அதற்குப் பக்கத்து ஜன்னலும் திறந்தது.

"இப்பவே சொல்லணும்னு இல்ல! யார்கிட்டயும் சொல்லாம, நிதானமா யோசிச்சுச் சொல்லுங்க!" என்று ரகசியத்தை முடித்தார் அவர்.

எத்தனையோ ஆயிரம் பிள்ளைகளை அதட்டிய அத்தையின் குரல் எங்கே போனதென்று தெரியவில்லை. காது மடல் சுட்டது. கையில் டீசல் நாற்றம், முழங்காலில் சேறு, மூக்கில் வியர்வை. இப்படி ஒரு கோலத்தில், இந்த வயதில், இவ்வளவு பேர் முன்னால். ஆனால் யோசிக்க ஒன்றும் இல்லை என்பது மட்டும் அவருக்குத் துல்லியமாகத் தெரிந்தது.

"சரி" என்றார். நூல் மாதிரி வந்தது.

"என்ன?" என்றார் பட்டறைக்காரர்.

"சரி."

"கரியா? கரி பட்டறையில மூட்டை மூட்டையா கிடக்குது! எதுக்கு?"

"கரி இல்லைங்க, சரி..."

"கேக்கலையே!"

"அத்தை, ஹாரன் அடிங்க!" என்று மாடியிலிருந்து ஒரு குரல் வந்தது.

அத்தை எழுந்து நின்றார். கண்ணை மூடிக்கொண்டார். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, பஸ்ஸின் கடைசி சீட்டையும் தாண்டிப் போகிற அந்தக் குரலில், "சரி...ன்னு... சொன்னேன்!" என்றார்.

பட்டறைக்காரருக்குக் கேட்டது. தெருமுனையில் சைக்கிளில் போன பால்காரருக்கும் கேட்டது. அவர் பழக்கதோஷத்தில் இறங்கி நின்றார். பட்டறைக்காரர் கண்ணில் நீர் தளும்ப, சிரித்தபடி தலையை மட்டும் ஆட்டினார். தம்பி வாசலுக்கு ஓடிவந்தான். அளவு நாடாவைக் கழுத்தில் போட்டிருந்தான். என்ன செய்வதென்று தெரியாமல் பட்டறைக்காரரின் தோளை அளக்க ஆரம்பித்தான். "மாமா, உங்களுக்கு ஒரு கோட்டு தச்சுடுறேன்" என்றான். அவன் மாமா என்று கூப்பிட்டது பட்டறைக்காரருக்குக் கேட்கவில்லை. தம்பி மனைவிதான் ஓடிவந்து அவர் காதருகில் கத்தினாள்: "உங்களை மாமான்னு கூப்பிடுறாரு!"

பதிவு அலுவலகத்துக்கு லாரியில்தான் போனார்கள். அத்தை ஓட்டினார். பட்டறைக்காரர் புதுக் கோட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். தம்பியும் அவன் மனைவியும், வெளியூரிலிருந்து வந்த தம்பி மகளும், பட்டறைக்காரருடைய மகனும், டயர்க்கடைக்காரரும் பின்னால் மரப்பலகையில். நீண்ட மூக்கு முன்னால் போக, ரோடு அதன் இரண்டு பக்கமும் பிரிந்து வழிவிட்டது. திருப்பங்களில் சக்கரங்கள் சத்தமில்லாமல் உருண்டன. அதிகாரி சம்மதமா என்று கேட்டபோது, "சம்மதம்!" என்று பட்டறைக்காரர் சொன்ன சத்தத்தில் பக்கத்து அறையில் வேறு எதற்கோ காத்திருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள்.

அந்த லாரியைப் பார்த்தவர்கள் சும்மா இருப்பார்களா? ஒருவர் தன் தாத்தாவின் வண்டி கொட்டகையில் கிடக்கிறது என்றார். தீயணைப்பு நிலையத்துக்காரர்கள் தங்களுடைய முதல் வண்டியை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றார்கள். எல்லாவற்றுக்கும் எஞ்சின் எப்படியோ சரியாகிவிடுகிறது. சக்கரத்தில் வந்து நின்றுவிடுகிறது. இப்போது அத்தையும் பட்டறைக்காரரும் லீவர்களைத் துணியில் சுற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறார்கள். ஒவ்வொரு ரிம்முக்கும் ஒவ்வொரு வளைவு வேண்டியிருக்கிறது. அவர் புதிது புதிதாக அடித்துக்கொண்டே இருக்கிறார். பாரமான சக்கரம் என்றால் தம்பி மனைவிக்குச் சொல்லி அனுப்புவார்கள். அவளும் தையல்கடைக்கு அன்றைக்கு ஒருநாள் லீவு போட வைத்துவிட்டுக் கணவனோடு வந்து, முந்தானையைச் செருகிக்கொண்டு, "எங்க குதிக்கணும்?" என்று கேட்பாள்.

போன வாரம் ஒரு தண்ணீர் லாரி. வளையம் இரண்டு துண்டாகச் செய்த அபூர்வமான ரிம். எந்தத் துண்டு முதலில் வரும் என்பதில் இரண்டு பேருக்கும் தகராறு. இடதுதான் என்றார் பட்டறைக்காரர். வலதுதான் என்றார் அத்தை. லாரிக்காரரின் குடும்பமே வெளியே வந்து வேடிக்கை பார்த்தது. யாரும் பிரித்துவைக்கப் போகவில்லை. இவ்வளவு சத்தமாகவும் இவ்வளவு சந்தோஷமாகவும் இரண்டு பேர் சண்டை போட்டு அவர்கள் பார்த்ததே இல்லை. கடைசியில் வலது துண்டுதான் முதலில் வந்தது.

"நான் அதைத்தான் சொன்னேன்!" என்றார் பட்டறைக்காரர்.

அத்தை லீவரைக் கீழே போட்டுவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.